ஒளி செல்லும் நெறி கண்ட சந்திரசேகரர்

சுப்பிரமணியன் சந்திரசேகரர் என்னும் பெயரைக் கேட்டவுடனே, விண்மீன்களின் எடைக்கு ஓர் எல்லை வகுத்தவர் அவர் என்றும், 1983ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர் என்றும் நம் மாணவருள் பலர் கூறுவர். அவ்வளவோடு அவர்தம் வரலாறு முடிந்துவிட்டதாகவும் கருதுவர். ஆயின், தம் ஆராய்ச்சி வாழ்வில் மிக்க மனநிறைவு அளித்த காலமென்று அவ்வறிஞர் பிற்காலத்தே நினைவுகூர்ந்தது அவ்வெல்லையைக் கண்ட காலத்தை அன்று. கலங்கலான பொருளொன்றினூடே ஒளி எவ்வாறு செல்லும் என்னும் வினாவிற்கு விடை தேடிக் கழித்த சில ஆண்டுகளையே. விண்மீன்களின் பொருட்டுச் செய்யப்பட்ட அக்கணக்கு, இன்று புற்றுநோயுற்றோர் உடலினுள் ஒளியைப் பாய்ச்சி நோயணுக்களை அழிக்கும் சிகிச்சைக்கு அடிப்படையாக நிற்கின்றது. இச்செய்தி நம் நாட்டில் போதிய அளவு அறியப்படவில்லை. ஆதலின், தமிழ் பயிலும் நாம் கணிதத்தின் நுட்பங்களைக் கணித மாணவர்க்கே விட்டுவிட்டு, அவ்வறிஞரின் வாழ்க்கையை இந்நோக்குடன் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் லாகூர் நகரில் பிறந்தார். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் அரசாங்கத்தின் கணக்குத் தணிக்கைத் துறையில் உயர்ந்த உத்தியோகம் வகித்தமையால் குடும்பம் வடநாட்டில் வாழ நேர்ந்தது. பத்து மக்களுள் இவர் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். தந்தையின் இளவலே ஸர் சி. வி. இராமன் ஆவர். சிற்றப்பன் பெருமையை எல்லோரும் பேசுவர். அன்னையார் சீதாலட்சுமி அம்மையாரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அவர் முறையான பள்ளிப் படிப்புச் சிறிதே பெற்றிருந்தும், நார்வே நாட்டு நாடக ஆசிரியராகிய இப்ஸனின் நாடகமொன்றைத் தமிழில் ஆக்கிய அறிவுடையார். மகன் இந்தியன் சிவில் சர்விஸ் பரீட்சை எழுதி அதிகாரியாக வேண்டுமெனத் தந்தை விரும்ப, அவன் மனம் நாடியதையே அவன் செய்யட்டும் என்று துணைநின்றவரும் இவ்வம்மையாரே.

1918இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பள்ளியிலும், பின்னர் 1925 முதல் இராஜதானிக் கல்லூரியிலும் (இன்றைய மாநிலக் கல்லூரி) சந்திரசேகரர் கல்வி பயின்றார். 1928இல் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஸொம்மர்பெல்டு சென்னைக்கு வந்தபொழுது, பதினெட்டு வயதும் நிரம்பாத இம்மாணவர் அவரைத் தேடிச் சென்று கண்டார். அவருடைய நூல் முழுவதையும் கற்றுவிட்டோம் என்னும் பெருமிதத்தோடு சென்றவருக்கு, அந்நூல் வெளிவந்த பின்னர்ப் பௌதிகமே அடியோடு மாறிவிட்டது என்னும் செய்தி கிடைத்தது. மனம் உடைந்து வீடு திரும்புவோர் பலர். இவரோ, அவ்வறிஞர் தந்த புதிய கட்டுரையைப் படித்து, அதன்வழி ஆராய்ந்து, அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் தம் கட்டுரையை வெளிவரச் செய்தார்.

1930இல் அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு வந்தது. அப்பொழுது அன்னையார் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினான்; செல்லுமாறு வற்புறுத்தியவர் அந்நோயாளியே. ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறியபொழுது சந்திரசேகரருக்கு வயது பத்தொன்பது. நம் வகுப்பில் அமர்ந்திருப்போரின் வயதே. மறு ஆண்டு மே மாதத்தில் அன்னையார் மறைந்தார். இறுதி முகத்தைக் காணும் பேறு மகனுக்கு வாய்க்கவில்லை.

அக்கப்பற் பயணத்திலே அவர் செய்த கணக்கே உலகறிந்தது. எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய விண்மீன், வெண்குறு விண்மீனாகி அமைதியுறும் என்று அக்காலத்து அறிஞர் நம்பியிருந்தனர். மின்னணுக்கள் ஒளியின் வேகத்தை அணுகும் நிலையையும் சேர்த்துக் கணக்கிட்ட இளைஞர், எடை ஓர் எல்லையைக் கடப்பின் அவ்வமைதி வாய்க்காது என்று கண்டார். திருத்தமான கணக்கின்படி அவ்வெல்லை கதிரவன் எடையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. 1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் லண்டனில் வானநூலார் கழகத்திலே இதனை அவர் எடுத்துரைத்தார். உடனே எழுந்த ஸர் ஆர்தர் எடிங்டன், அவையோர் நகைக்குமாறு அக்கொள்கையைத் தகர்த்துப் பேசினார். அவர் பகைவர் அல்லர். பல மாதங்கள் இவ்விளைஞரின் அறைக்கே வந்து, கணக்கு எவ்வளவில் நடைபெறுகின்றது என வினவிச் சென்றவர். தம் எதிர்ப்பை மட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இஃது எடிங்டனுக்குத் தகாத செயலென்றே நாம் கருதுகின்றோம். பௌதிக அறிஞர் சிலர் இவர் பக்கமே உண்மை என்று தனிக் கடிதங்களில் எழுதினர். எனினும் அவையில் எழுந்து கூற அன்று முன்வந்தார் இலர்.

சந்திரசேகரர் வாதத்தை நீட்டவில்லை. அதுவரை அறிந்தவற்றை யெல்லாம் 1939இல் ஒரு நூலாக்கி வெளியிட்டுவிட்டு, அத்துறையை விட்டே நீங்கினார். ஒரு துறையில் புகுந்து, சில ஆண்டுகள் அதனையே உணவும் உறக்கமுமாகக் கொண்டு, முடிவில் ஒரு பெருநூல் இயற்றி, மீண்டும் திரும்பிப் பாராது வேறு துறைக்குச் செல்வதென்பது அவர்தம் வாழ்க்கை முறையாக அமைந்ததற்கு இப்புண்ணே காரணமென்பர் சிலர். காரணம் யாதாயினும், அவ்விடமாற்றமே அவரை ஒளியிடம் கொண்டு சேர்த்தது. எடிங்டனிடம் அவர் வைத்த மதிப்பும் குன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் பெருமையைச் சொற்பொழிவாற்றி நூலாகவும் வெளியிட்டார்.

1936இல் தாயகம் வந்து, இராஜதானிக் கல்லூரியில் உடன்பயின்ற லலிதா துரைசாமி அம்மையாரை மணந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்று யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். அது அந்நாளில் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்திருந்தது. விஸ்கான்ஸின் நாட்டில் ஓர் ஏரிக்கரையிலே தனித்திருப்பது. நிறம் பற்றிய வேற்றுமை அங்கும் அவரை விடவில்லை. சிக்காகோ நகரில் அவர் வகுப்பு நடத்தலாகாது என்று பீடத் தலைவர் ஒருவர் தடுத்தார்; சர்வகலாசாலைத் தலைவர் ஹட்சின்ஸ் அத்தடையை நீக்கினார்.

நிற்க. இனி ஒளியின் செய்திக்கு வருவோம்.

வெட்டவெளியில் ஒளி நேரே செல்லும். அதற்குக் கணக்கு எளிது. பொருளினுள்ளே புகுந்தால் இருவகை இடையூறு நேரும். பொருள் அதனை விழுங்கும். அன்றேல் திசைமாற்றிச் சிதறடிக்கும். ஒருமுறை சிதறிய ஒளி மீண்டும் மீண்டும் சிதறி, முடிவில் எத்திசையிலிருந்து வந்தது என்பதே தெரியாதொழியும். தூத்துக்குடியில் வாழும் நமக்கு இது புதிதன்று. முத்துப் பார்களை நாடிச் சென்ற நம் கடற்கரை மக்கள், கடல் தெளிந்து அமைந்த பருவத்தையே குளிப்பிற்குத் தேர்ந்தனர். கதிரவன் உச்சியில் நின்று எரித்தாலும், நீர் கலங்கிவிட்டால் சில பாகங்களின் கீழே சிப்பியும் கல்லும் வேறுபாடு தோன்றா. 1961க்குப் பின் இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை; ஆயினும் சங்கு குளிப்போர் இவ்வுண்மையை நன்கறிவர். உப்பளத்திற்குச் சென்றாலும் இதனைக் காணலாம். உப்பின் ஒரு கல்லை எடுத்து நோக்கினால் கண்ணாடிபோல் தோன்றும். அம்பாரமோ வெள்ளைவெளேரென்று கண்ணைப் பறிக்கும். உட்புகுந்த ஒளி கோடிக்கணக்கான சிறு முகங்களில் மோதிச் சிதறி மீண்டு வருதலே அவ்வெண்மை.

விண்மீனின் மேற்பரப்பிலும் இதுவே நிகழ்கின்றது. உள்ளிருந்து புறப்படும் ஒளி வாயுப் படலங்களில் விழுங்கப்பட்டும் சிதறியும் வெளிவருகின்றது. ஒவ்வோரிடத்தும் ஒவ்வொரு திசையிலும் ஒளி எவ்வளவு குறைகின்றது, பிற திசைகளிலிருந்து சிதறி வருவதால் எவ்வளவு கூடுகின்றது என வரவு செலவு எழுதுவதே இங்குள்ள சமன்பாடு. இதனை முதலில் அமைத்தவர் சந்திரசேகரர் அல்லர். ஷுஸ்டர், ஷ்வார்ட்ஷில்டு முதலியோர் அவர்க்கு முன்னரே எழுதி வைத்திருந்தனர். எழுதியது எளிது, தீர்வு காண்பதே அரிது. ஓரிடத்து ஒளியை அறியப் பிற இடங்களின் ஒளியெல்லாம் தெரியவேண்டும்; அவற்றை அறிய இவ்விடத்து ஒளி தெரியவேண்டும். தந்தை கணக்கெழுதிய துறையிலே இப்படியொரு பேரேடு வந்திருந்தால் அலுவலகமே மூடப்பட்டிருக்கும்!

சந்திரசேகரர் கையாண்ட வழிகளுள் இரண்டைச் சொல்லுவோம். எண்ணற்ற திசைகளை விடுத்து, தக்கவாறு தெரிந்தெடுத்த சில திசைகளில் மட்டும் ஒளியைப் பின்தொடர்ந்து, அத்திசைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே சென்று உண்மையை அணுகுதல் ஒன்று. மற்றொன்றை உப்பு அம்பாரம் கொண்டே விளக்கலாம். மலைபோற் குவிந்த அம்பாரத்தின்மேல் இன்னும் ஒரு கூடை உப்பை மெல்லிதாகப் பரப்பினால், அதன் வெண்மை மாறுமோ? மாறாது. மாறாதென்னும் அவ்வுண்மையையே சமன்பாடாக எழுதினால், உள்ளே நிகழ்வதை ஆராயாமலே வெளிவரும் ஒளியைக் கணக்கிடலாம். ஆர்மீனிய அறிஞர் அம்பார்த்ஸுமியான் தொடங்கிவைத்த இக்கருத்தைச் சந்திரசேகரர் விரித்துப் பல நிலைமைகளுக்கும் பொருந்தச் செய்தார். 1871இல் ராலே பெருமகனார் வானத்தின் நீலத்திற்குக் காரணம் கூறிய நாள் முதல், ஒளி பன்முறை சிதறுவதையும் சேர்த்து வானத்தின் ஒளியை முற்றக் கணக்கிடுதல் முடியாதிருந்தது. அதனையும் 1946இல் இவர் முடித்து வைத்தார். 1944 முதல் 1948 வரை வெளிவந்த கட்டுரைகள் இருபத்துநான்கு. அவற்றின் பயனாகிய நூல் 1950இல் வெளிவந்தது. கணிப்பொறி பரவாத அந்நாளில் எண்களையெல்லாம் கைப்பொறி கொண்டு கணக்கிட்டவர்களுள் டோனா எல்பர்ட் என்னும் அம்மையாரும் ஒருவர்; வானத்தின் ஒளிபற்றிய அட்டவணைகளை இருவர் பெயராலும் 1954இல் சந்திரசேகரர் வெளியிட்டார்.

இனி இவ்வானநூல் மருத்துவச் சாலைக்குள் புகுந்த வரலாறு. 1900இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர், சாயப்பொருள் கலந்த நீரில் நுண்ணுயிர்களை இட்டு ஆராய்ந்தார். இருளில் உயிரோடிருந்தவை ஒளி பட்டவுடன் மடிந்தன. சாயம் தனியே கொல்லவில்லை. ஒளியும் தனியே கொல்லவில்லை. இரண்டும் கூடியபொழுதே கொன்றன. அவர் ஆசிரியர் டாப்பைனர், 1903இல் தோலின் புற்றுக்கு இம்முறையை ஆண்டு பார்த்தார். பின்னர்ப் பல்லாண்டுகள் இது மறக்கப்பட்டுக் கிடந்தது. 1970களில் அமெரிக்காவின் பபலோ நகரில் தாமஸ் டோஹர்ட்டி என்பவர் இதனை மீட்டெடுத்து மருத்துவ முறையாக்கினார். ஒளியை ஏற்கும் மருந்தை நோயாளியின் உடலிற் செலுத்தி, அது புற்றில் தங்கும் நேரம் பார்த்து, லேசர் விளக்கின் செந்நிற ஒளியைப் பாய்ச்சுவர். ஒளியை உண்ட மருந்து, அருகிலுள்ள பிராணவாயுவைக் கொடியதொரு நிலைக்கு மாற்றும். அது தோன்றிய இடத்திலேயே உயிரணுவின் உறுப்புகளைச் சிதைக்கும்.

செந்நிறத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் வேண்டுமாயின், இருட்டறையில் கைவிளக்கை விரல்களுக்குப் பின்னே வைத்துப் பார்க்க. விரல் சிவந்து ஒளிரும். பிற நிறங்களைக் குருதி விழுங்கிவிடச் சிவப்பே கடந்து வருகின்றது. ஆயின், விரலின் எலும்பு தெளிவாகத் தெரியாது. தசையும் உப்பு அம்பாரத்தைப்போலவும் கலங்கற் கடலைப்போலவும் ஒளியைச் சிதறடிக்கின்றது. அதனாலேயே, இச்சிகிச்சைக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்னும் கேள்வி எழுந்தபொழுது, மருத்துவப் பௌதிகர் சந்திரசேகரரின் நூலைக் கையிலெடுத்தனர். ஒளி தசையில் செல்வதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அந்நூலின் பெயரை அடிக்கடி காணலாம். யெர்க்ஸ் நிலையத்திலேயே அவருடன் பணியாற்றிய ஹென்யே, கிரீன்ஸ்டைன் என்னும் இருவர், விண்மீன்களிடையே உள்ள தூசியில் ஒளி எத்திசையில் மிகுதியாகச் சிதறும் என்பதற்கு 1941இல் எழுதிய வாய்பாட்டையும் மருத்துவர் இன்று மனிதத் தசைக்கே ஆளுகின்றனர். தூசிக்குச் செய்த சட்டை தசைக்கும் பொருந்திற்று!

இக்கணக்கின் அருமையைச் சிறிது காண்போம். ஒளி ஒவ்வொரு 3 மில்லிமீட்டர் ஆழத்திற்கும் மூன்றிலொன்றாகக் குறைகின்றது என்று எளிமைக்காகக் கொள்வோம். 9 மில்லிமீட்டர் ஆழத்தில் எஞ்சுவது இருபத்தேழிலொரு பங்கே. ஓர் அங்குலத்தின் பாதிகூட ஆகவில்லை. இதற்கு மாறாக, மேற்பரப்பிற்குச் சற்றே கீழே, உள்ளிருந்து சிதறி மீளும் ஒளியும் கூடுவதால், நாம் பாய்ச்சிய ஒளியினும் மிகுந்த ஒளி நிற்பதும் உண்டு. ஆகவே விளக்கின் வலிமையை மட்டும் அளந்து சிகிச்சை செய்வோர், மேலே நல்ல தசையைச் சுட்டும், கீழே நோயணுவைத் தப்பவிட்டும் இரட்டைத் தீங்கு செய்தல் கூடும்.

ஒளியை அறிந்தபின்னும் கணக்கு முடியாது. மருந்து தானே ஒளியால் அழிந்து குறையும். பிராணவாயுவோ குருதி கொண்டுவரும் அளவிற்றே; ஒளியை மிக வலிதாகப் பாய்ச்சினால், குருதி கொணர்வதற்கு முன்னே அது செலவாகிவிடும். பின்னர் எவ்வளவு ஒளி பாய்ந்தும் பயனில்லை. ஆதலின் ஒளியைக் குறைத்தோ, இடையிடையே நிறுத்தியோ பாய்ச்சினால் பயன் மிகுதல் உண்டு. மருத்துவர் வலிமையைக் கூட்டுவதால் சிகிச்சை தோற்கவும் கூடும் என்பது, கணக்கில்லாமல் எளிதில் தோன்றக்கூடிய செய்தியன்று. இறுதியாக, உயிரணுவும் கைகட்டி நிற்பதில்லை. சிதைவு ஓரளவிற்குள் நின்றால் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும். அளவு கடந்தால் முறைப்படி தன்னை ஒடுக்கி மடியும். மிகவும் கடந்தால் வெடித்தழியும். ஒளி, மருந்து, பிராணவாயு, உயிரணு என்னும் நான்கையும் தொடர்ந்த சமன்பாடுகளாக எழுதி, நேரந்தோறும் ஆழந்தோறும் கணிப்பொறியால் கணக்கிடுகின்றனர். பல இலட்சம் ஒளித்துகள்களைப் பொறியினுள் கற்பனையாக ஏவி, ஒவ்வொன்றும் எங்கே மோதி எங்கே மடிகின்றது எனப் பின்தொடரும் முறையும் உண்டு. அம்முறை பிழையின்றி நடக்கின்றதா என்று சோதிக்க, ஏட்டிலேயே தீர்வு கண்ட எளிய நிலைமைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். அத்தகைய தீர்வுகளை நமக்குத் தேடித் தந்தவர்களுள் சந்திரசேகரர் முன்னிற்கின்றார். இவ்வளவும், கட்டியின் அடியிலே ஒளி எட்டாத மூலையில் பதுங்கிய அணுக்கள் சில பிழைத்தெழுந்து மறு ஆண்டில் மீண்டும் நோயாகாதிருத்தற் பொருட்டே.

இப்பயனைக் கருதி அவர் ஆராயவில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது. அவர் நாடியது வடிவழகு. ஒளியின் கணக்கிலே முதலில் சிக்கலாய்த் தோன்றியவை முடிவில் ஒழுங்குற அமைந்ததே அவர்க்கு இன்பமளித்தது. 1943இல் தற்செயல் இயக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கட்டுரையும் இத்தகையதே; விண்மீன் கூட்டங்களை எண்ணி எழுதியதை ரசாயனரும் உயிர்நூலாரும் துகள்களின் அலைவிற்கு இன்றும் எடுத்தாளுகின்றனர்.

பிற்காலத்தைச் சுருக்கிச் சொல்லுவோம். 1944இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். யெர்க்ஸிலிருந்து நெடுந்தூரம் மோட்டாரிற் சென்று அவர் சிக்காகோவில் நடத்திய வகுப்பொன்றில் மாணவர் இருவரே இருந்தனர்; அவ்விருவராகிய லீ, யாங் என்னும் சீனர் 1957இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆசிரியர் பெறுதற்கு இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் சென்றன! 1952 முதல் 1971 வரை வானநூற் பத்திரிகையொன்றின் ஆசிரியராக இருந்து, அதனை உலகின் முதன்மைப் பத்திரிகைகளுள் ஒன்றாக்கினார். 1953இல் அமெரிக்கக் குடியுரிமை ஏற்றமை தந்தையார்க்கு வருத்தம் தந்தது. 1968இல் இந்திய அரசு பத்ம விபூஷண் அளித்தது. கருங்குழிகளின் கணிதம் பற்றிய நூலை எழுபது வயது கடந்தபின் முடித்து 1983இல் வெளியிட்டார். அவ்வாண்டே, இளமையில் எள்ளி நகையாடப்பட்ட ஆராய்ச்சியையும் உளங்கொண்டு நோபெல் பரிசு வந்தது.

இறுதிக் காலத்தில் நியூட்டனின் பெருநூலை எடுத்து, அதன் தேற்றங்களைத் தாமே முதலில் நிறுவிப் பார்த்து, பின்னர் நியூட்டன் நிறுவிய வகையோடு ஒப்பிட்டு எழுதினார். அவ்வுரைநூல் 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள் சிக்காகோவில், எண்பத்துநான்காம் வயதில், அவர் மறைந்தார். உணவுக்குழாயின் புற்றிற்கு ஒளிச்சிகிச்சை மருந்தை ஆளலாமென அமெரிக்க அரசு இசைவளித்ததும் அவ்வாண்டின் இறுதியிலேயாகும். 1999இல் விண்ணிற் செலுத்தப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரே இடப்பட்டது. லலிதா அம்மையார் கணவருக்குப் பின் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, நூறு வயதும் கடந்து, 2013இல் மறைந்தார்.